அழ வருபவர்கள் வேம்பின் கீழ் இருக்கவும்

என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எங்கள் வாசல் படலையில் அம்மாவின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி பனர். ஊதா நிறம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே இரண்டு வெள்ளைப் புறா, நடுவில் அம்மா. யாரோ ஒருவரின் கலியாண வீட்டில் எடுத்த படம் அது. பக்கத்தில் நின்ற பெண்ணை வெட்டிவிட்டார்கள். ஆனால் அவவின் பச்சைச் சீலைத் தோள் மட்டும் அம்மாவின் காதுக்குக் கீழே மிஞ்சிப் போயிருந்தது. அம்மா இருந்திருந்தால், "உது ஆற்றை தோள்? என்ர சாவுக்கு அவ ஏன் முன்னுக்கு வந்து நிக்கிறா?" என்று கேட்டிருப்பார்.

அம்மா ஒரு காலையில் கிணற்றடியில் விழுந்தார். பிறகு எழும்பவில்லை. நெஞ்சுவருத்தம் என்றார்கள். நான் அப்போது நிறைமாதம். அம்மாவின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த கையோடு எனக்கு வயிற்றுக்குத்து தொடங்கிவிட்டது. செத்த வீட்டுத் துடக்கும் பிள்ளை பிறந்த துடக்கும், இரண்டு தீட்டும் ஒரே வீட்டில். அப்பா ஐயரிடம் போய் என்ன செய்வது என்று கேட்டார். ஐயர் தலையைச் சொறிந்துவிட்டு, "ஒண்டுக்குள்ள ஒண்டு அடங்கும், நீர் போம்" என்று அனுப்பிவிட்டார்.

என் மனிசனுக்குத் தெற்கே ஒரு கடையில் வேலை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், முதலாளி கூப்பிட்டார், போய்விட்டார். வீட்டில் நான், பிள்ளை, அப்பா, செத்த வீட்டுக்கென்று கனடாவிலிருந்து வந்து நின்ற மாமி. மாமி அப்பாவின் அக்கா. சின்னப் பிள்ளையில் எங்கள் ஊர் நாரந்தனையை விட்டுப் போனவர் அல்ல, கலியாணம் கட்டிப் போனவர். அதனால் எங்கள் ஊர் வழக்கம் எல்லாம் எங்களைவிட அவருக்குத்தான் கூடத் தெரியும். நாங்கள் மறந்துவிட்டதையும் அவர் ஞாபகம் வைத்திருந்தார்.

அம்மா எல்லாம் ஆயத்தம் செய்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் இடித்துப் போத்தலில் அடைத்திருந்தார். தன் பழைய நூல் சீலைகளைக் கிழித்துப் பிள்ளைக்குத் துணி மடித்து அலுமாரியில் அடுக்கியிருந்தார். கதவைத் திறந்தால் அம்மாவின் மணம் வரும். நான் அந்த நாட்களில் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறப்பேன்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நிற்கவேயில்லை. எங்கள் சொந்தக்காரர் பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் கொழும்பிலும் வவுனியாவிலும். ஒவ்வொருவருக்கும் லீவு ஒவ்வொரு நாள் கிடைக்கும். வானில் வருவார்கள், பஸ்ஸில் வருவார்கள். ஆம்பிளைகள் விறாந்தையில் அப்பாவோடு இருந்து தோட்டம், விலைவாசி, அரசியல் கதைப்பார்கள். அப்பாவும் கதைப்பார். அம்மா செத்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதை நான் காணவில்லை. பெண்கள் நேராக அறைக்குள் வருவார்கள். நான் ஒரே மகள் அல்லவா, அழுகைக்குப் பொறுப்பாளி நான்தான்.

"ஐயோ என்ர பிள்ளை, பேத்தியைக் காணாமல் கண்ணை மூடிட்டாவே!"

கட்டிப்பிடித்து அழுவார்கள். நானும் அழுவேன். முதல் நாள் உண்மையாக வந்தது. பிறகும் உண்மையாகத்தான் வந்தது. ஆனால் சிலருக்கு அலுத்துவிடும். ஒரு பெண் என் தோளில் முகத்தை வைத்து விம்மிக்கொண்டே ஜன்னலால் எட்டிப் பார்த்து, "உந்தப் பிலா இந்தமுறை நல்லாக் காய்ச்சிருக்கு என்ன?" என்று கேட்டார். இன்னொருவர் பிள்ளையைத் தூக்கி, "அச்சு அசல் அம்மாதான். அம்மாதான் வந்து பிறந்திருக்கிறா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அம்மா நல்ல குண்டு. இவள் எலிக்குஞ்சு மாதிரி இருந்தாள்.

அதுதான் எங்களுக்கு இருந்த பெரிய கவலை. பிள்ளை தேறவில்லை. எந்த நேரமும் தூக்கம். எழும்பினால் அழுவதற்கும் பலம் இல்லாமல் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

மாமி முதல் நாளே சட்டம் போட்டிருந்தார்.

"அழுத கையோட பால் குடுக்காதை மோனை. அழுத பால் பிள்ளைக்கு ஆகாது. வயித்தைக் குழப்பும். நெஞ்சு ஆறட்டும், பேந்து குடு."

நானும் அப்படியே செய்தேன். அழுவேன், முகம் கழுவுவேன், நெஞ்சு ஆறும்வரை இருப்பேன். ஆறி, பிள்ளையை எடுத்து மடியில் வைத்தால் படலை கிறீச்சென்று சத்தம் போடும். அடுத்த வான். ஆஸ்பத்திரியில் தந்த சின்னப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், வாசித்து முடிக்க நேரம் எடுத்தது. அதில் எல்லாம் இருந்தது, செத்த வீட்டில் பால் கொடுப்பது எப்படி என்று மட்டும் இல்லை.

துக்கத்தில் எனக்குப் பால் வற்றிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதற்கு மருந்தும் ஊரே கண்டுபிடித்தது, பால்சுறா. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை எங்கள் வீட்டுக்குள் மீன், மச்சம் வரக்கூடாது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டிக்கு அடியில் சுறா, மேலே முருங்கையிலை. விறாந்தையில் இருந்த அப்பாவைத் தாண்டும்போது அப்பா மூக்கை உயர்த்தினார்.

"என்ன கொண்டு போறாய்?"

"முருங்கையிலை வறை, அண்ணை."

"முருங்கையிலைக்கு எப்ப செட்டை முளைச்சது?"

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். அப்பா எழும்பினார். ஆனால் அக்காவைத் தடுக்கவில்லை, பின்னால் வரிசையாக வந்த பூனைகளைத் துரத்திவிட்டு வந்து மறுபடி கதிரையில் இருந்தார்.

சுறா நல்ல ருசி. பிள்ளை மட்டும் தேறவில்லை.

பிறகுதான் மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டியில் வந்தார். தராசைக் குசினி வளைமரத்தில் கொழுவி, துணிப்பையில் பிள்ளையைப் போட்டுத் தூக்கினார். முள்ளைப் பார்த்தார். இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார்.

"பிறந்த நிறையிலும் பார்க்கக் குறைவாக் கிடக்கு. முதல் கொஞ்சம் குறையிறது வழமைதான். ஆனா இந்நேரம் ஏறத் தொடங்கியிருக்க வேணும்" என்றார். "அடுத்த கிளினிக்குக்கும் ஏறாட்டில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேணும் பிள்ளை. நான் ஒளிக்காமல் சொல்லுறன். இடையில பிள்ளை சோர்ந்து போனாளெண்டால் கிளினிக் நாளைப் பார்க்காதையும், உடன கொண்டு ஓடும்."

"எனக்குப் பால் வத்திப்போச்சு மிஸ்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

மாமி அலுமாரிக்கு மேலே இருந்த பால்மா ரின்னைக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார். "நான் அண்டைக்கே சொன்னனான். உதைக் கரைச்சுக் குடுத்தா முடிஞ்சுது. கனடாவில மூண்டு பிள்ளையளையும் நான் போத்தல்லதான் வளர்த்தனான். எல்லாம் ஆறடி."

மிஸ் சண்டை பிடிக்கவில்லை. "நான் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறன்" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

பிள்ளை எழும்பினாள். எடுத்து மடியில் வைத்தேன். வாயைத் திறந்து தேடினாள். படலை சத்தம் போட்டது. கரம்பொன்னிலிருந்து மூன்று பெண்கள். நான் சட்டையை இழுத்து மூடினேன். மாமி பிள்ளையை வாங்கிக்கொண்டார். அழுதோம். அவர்கள் போனார்கள். பிள்ளை கைவிரலைச் சூப்பிக்கொண்டு கிடந்தாள். நான் முகம் கழுவிவிட்டு வந்து சும்மா இருந்தேன்.

"இப்ப ஏன் குடுக்கேல்லை?" என்று மிஸ் கேட்டார்.

"இப்பதானே மிஸ் அழுதனான். நெஞ்சு ஆற வேணும்."

"எதுக்கு?"

மாமி சட்டத்தை விளங்கப்படுத்தினார். மிஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அந்த வீட்டில் அம்மா செத்த பிறகு யாரும் அப்படிச் சத்தமாகச் சிரிக்கவில்லை.

"பிள்ளை, கண்ணால வாறதும் நெஞ்சால வாறதும் ஒரு தாங்கியிலயிருந்தே வருகுது? பைப்பு ரெண்டும் வேற! அழுதால் பால் பழுதாகாது. நீர் அழுதுகொண்டே குடும், அவள் குடிச்சுக்கொண்டே இருக்கட்டும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். கேக்கேக்க எல்லாம் குடும். நித்திரையெண்டால் எழுப்பிக் குடும். வாயை நல்லா அகலத் திறக்க விட்டுட்டு வையும், நுனியில மட்டும் வையாதையும்."

"அப்ப சுறா?"

"சுறாவையும் சாப்பிடும். ருசியாத்தானே இருக்கும்."

பிறகு சொன்னார், "உமக்குப் பால் குறைவில்லை. இருந்து குடுக்க ஒரு இடந்தான் குறைவு."

"துக்கத்துக்கு வாறவையை என்னெண்டு மிஸ் வரவேண்டாமெண்டு சொல்லுறது?"

மிஸ் தராசை மடித்துப் பைக்குள் வைத்தார். "அது எனக்கும் தெரியாது பிள்ளை" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

இவ்வளவும் விறாந்தையிலிருந்த அப்பாவின் காதில் விழுந்திருக்கிறது. அப்பா என்னோடு பால் என்ற சொல்லைத் தேத்தண்ணி ஊற்றும்போது மட்டும்தான் பாவித்திருக்கிறார். மற்றப்படி அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். நான் பிள்ளையை மடியில் வைத்தால் இருமிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அன்று பின்னேரம் வந்த ஒரு கூட்டத்திடம் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததை ஜன்னலால் பார்த்தேன். "உள்ள... பிள்ளை... அது வந்து..." என்றார். அவர்கள் அவருக்குத் துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்து, இன்னும் வேகமாக உள்ளே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

அடுத்த நாள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனார். பொழுதுபடுகிற நேரம் கரியரில் ஒரு நீளச் சுருளைக் கட்டிக்கொண்டு வந்து, அம்மாவின் பனருக்குக் கீழே கட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். மாமி போய்ப் பார்த்துவிட்டு, "டேய் தம்பி! உனக்கென்ன விசரே!" என்று கத்தினார்.

நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போனேன். அம்மாவின் பனரை அடித்த அதே கடை. அதே டிசைனில் என்றால் கெதியாக முடியும் என்று கடைப் பெடியன் சொல்லியிருக்கிறான். அதே ஊதா. அதே குத்துவிளக்கு. அதே புறா. படம் வைக்கிற வட்டத்துக்குள், சும்மா விட்டால் வடிவில்லை என்று, எங்கிருந்தோ எடுத்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தை மஞ்சள் முடியோடு சிரித்துக்கொண்டிருந்தது. கீழே அப்பாவின் எழுத்து:

இவ்வீட்டில் பச்சைப்பிள்ளை பால் குடிக்கிறது. அழ வருபவர்கள் வேம்பின் கீழ் இருக்கவும். தேநீர் தரப்படும். குடும்பத்தினர்.

"விளக்கையும் புறாவையும் போட்டு அடிச்சா சனம் என்னடா நினைக்கும்?"

"எழுத்தை வாசிக்கத்தானே போட்டது" என்றார் அப்பா.

"ஆர் வாசிக்கிறது? தூரத்தால பார்த்தா என்ன மாதிரிக் கிடக்கு?"

இருட்டிவிட்டது, விடியப் பார்ப்போம் என்று விட்டுவிட்டோம். அதுதான் பிழையாகப் போனது.

காலை பஸ்ஸில் சரவணையிலிருந்து அம்மாவின் சினேகிதி ஒருவர் வந்தார். அம்மாவும் அவரும் ஒரே வகுப்பு. எங்கள் வீட்டுக்குக் கிட்ட வரும்போதே ஜன்னலால் பார்த்திருக்கிறார். ஒரு பனருக்குப் பதில் இரண்டு. கீழ்ப் பனரில் விளக்குக்கு நடுவில் ஒரு குழந்தை. பஸ்ஸுக்குள்ளேயே தொடங்கிவிட்டார்.

"ஐயோ! தாயோட பிள்ளையும் போயிட்டுதே! ஐயோ!"

பஸ் முழுக்கக் கலங்கிவிட்டது. றைவர் பிறேக்கைப் போட்டார். அப்பா வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு படலையில் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அன்ரி அவரைத் தள்ளிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி அறைக்குள் வந்து விழுந்தார். பின்னால் இன்னும் கொஞ்சப் பேர்.

நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மிஸ் சொன்ன மாதிரி வாயை அகலத் திறக்க விட்டு வைத்திருந்தேன். வந்த பயத்தில் மூடவும் மறந்துவிட்டேன், பிள்ளையை எடுக்கவும் மறந்துவிட்டேன். அப்படியே இருந்தேன். என் மகள் கவனிக்கவேயில்லை. மொடக் மொடக் என்று விழுங்குகிற சத்தம் அந்த அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

அன்ரி நிலத்தில் இருந்துவிட்டார். "கடவுளே, குடிக்குது" என்றார். "எடியே, இது குடிக்குதடி!"

படலையிலிருந்து கொண்டக்டர் கூப்பிட்டான். "அன்ரி, பிள்ளை உயிரோடயோ? நாங்கள் பஸ்ஸை எடுக்கலாமோ?"

"எடு ராசா, எடு! பிள்ளை பால் குடிக்குது!"

பஸ்ஸுக்குள் இருந்து ஆரவாரம் கேட்டது. அம்மா செத்த பிறகு நான் முதல் முதலாக வயிறு குலுங்கச் சிரித்தேன். பிள்ளையும் சேர்ந்து குலுங்கினாள். வாயை மட்டும் எடுக்கவில்லை.

அந்த அன்ரிதான் பனருக்கும் வழி சொன்னார். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்து, "உந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஆற்றை?" என்று கேட்டுவிட்டு, "பனரைக் கழட்டாதேங்கோ, எழுத்து நல்லாக் கிடக்கு. பிள்ளையின்ர துணியளை அதுக்கு மேல ஒரு கொடி கட்டிக் காயப்போடுங்கோ. செத்துப்போன பிள்ளைக்கு ஆர் மூத்திரத்துணி தோய்க்கிறது?" என்றார்.

அப்பா கயிறு கட்டினார். அம்மாவின் சீலைத் துணிகளை மாமி வரிசையாகப் போட்டார். நீலம், காவி, சின்னப் பூப் போட்ட வெள்ளை. கீழ்ப் பனரின் குத்துவிளக்கையும் புறாவையும் அவை மறைத்துவிட்டன, எழுத்து மட்டும் கீழே தெரிந்தது. காற்றில் அவை படபடவென்று அடிக்க, மேலே பனரில் அம்மா அந்தப் பச்சைத் தோளோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு படலை மாமியின் கையில். கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். யார் வந்தாலும், "வாசிச்சனியளே? அங்க, வேம்புக்குக் கீழ. தேத்தண்ணி வரும்" என்பார். கனடாவிலிருந்து வந்த சொந்தத் தங்கச்சியையே உள்ளே விடவில்லை. ஒரு கொழும்புக்காரர், "என்ன இது, பால் குடுக்கிறதையெல்லாம் ஒரு கெட்டித்தனம் மாதிரி றோட்டில எழுதி வச்சிருக்கிறியள்? வெக்கமில்லையே?" என்று கேட்டாராம். "வயித்துக்குச் சாப்பிடுறதுக்கு என்ன வெக்கம்? நீர் வரேக்க வேலணையில மரக்கறி ரொட்டி சாப்பிட்டுட்டுத்தானே வந்தனீர், மீசையில ஒட்டிக் கிடக்கு" என்று மாமி சொல்லியிருக்கிறார்.

ஒரு மத்தியானம் ஆள் வரத்துக் குறைந்த நேரம் மாமி என் பக்கத்தில் வந்து இருந்தார். பிள்ளை குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அங்க ஆர் இருந்தது மோனை" என்றார். "பெத்துப்போட்டு கெதியாவே ஃபக்ரறிக்கு ஓடினனான். பால் கட்டி நெஞ்சு நெருப்பாக் கொதிக்கும். ரொய்லெட்டுக்குள்ள நிண்டு பிழிஞ்சு ஊத்திப்போட்டு வந்து திருப்பி மெசினில நிப்பன். எனக்கும் ஒரு ஆள் வாசல்ல கதிரை போட்டு இருந்திருந்தால்..." எழும்பிப் போய், பால்மா ரின்னை எடுத்துச் சரக்குத்தூள் போத்தலுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

முற்றத்து வேம்பின் கீழே வேறு ஒரு அழுகை நடந்தது. முதலில் அழுவார்கள். பிறகு தேத்தண்ணி போகும். பிறகு அம்மாவைப் பற்றிக் கதை வரும். அம்மா சைக்கிள் பழகி ஆட்டுக் கொட்டிலுக்குள் போய் விழுந்தது, அப்பா பெண் பார்க்க வந்தபோது அம்மா ஒளித்திருந்து அவரின் செருப்பை எடுத்து ஒளித்தது. எனக்கு இவை ஒன்றும் தெரியாது. கட்டிப்பிடித்து அழுதபோது இந்தக் கதைகளை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது ஜன்னலால் வந்தன, சிரிப்புச் சத்தத்தோடு. நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கண்ணீர் வரும். அந்த நேரம் பார்த்து நெஞ்சு கூசிக்கொண்டு பாலும் இறங்கும். இரண்டு பைப்பும் ஒன்றாகத் திறந்துவிடும். மகளுக்கு அவசரத்தில் புரைக்கேறும்.

கிளினிக் நாள் வந்தது. மாமியும் நானும் ஓட்டோவில் போனோம். காத்திருக்கிற நீள வாங்கில் பிள்ளைகளோடு இருந்த பெண்கள், "அந்தப் பனர் வீடு நீங்களோ?" என்று கேட்டார்கள். மிஸ் அதைப் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். ஒருத்தி, "எங்கட வீட்டுக்கும் ஒண்டு வேணும். எனக்குச் செத்த வீடு இல்லை, மாமியார்தான்" என்றாள். வாங்கு முழுக்கச் சிரித்தது. இன்னொருத்தி பஸ்ஸில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வெட்கப்பட்டு இரண்டு பேரும் அழுதுகொண்டே யாழ்ப்பாணம்வரை போன கதையைச் சொன்னாள். நாங்கள் முன்பின் தெரியாதவர்கள். மிஸ் கூப்பிடும்வரை வாய் ஓயவில்லை.

தராசில் போட்டார். முள் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திறவும்" என்றார் மிஸ். "ஏறியிருக்கு. நல்லா ஏறியிருக்கு. பெரியாஸ்பத்திரி தேவையில்லை. இப்பிடியே குடும்."

மாமி அந்த இடத்திலேயே மிஸ்ஸைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டார்.

திரும்பி வரும்போது எங்கள் படலையில் ஓட்டோ நிற்க முதலே வேம்பின் கீழ் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள்தான். ஆனால் நிறை பார்க்கப் போயிருக்கிறோம் என்று தெரிந்து போகாமல் காத்திருந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா கையில் மூடிய சட்டியோடு நின்றார். அப்பா எல்லோருக்கும் முன்னால் வந்தார். வந்து, என்னைப் பார்க்காமல் ஓட்டோவின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏறிட்டுது அப்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். பிள்ளையின் காலை ஒரு விரலால் தொட்டார். வாய் கோணியது. தோள் இரண்டும் ஆடத் தொடங்கின.

மாமிக்குச் சட்டம் சட்டம்தான். "டேய் தம்பி" என்றார், "அழுறதெண்டால் எங்க எண்டு எழுதினனி?"

அப்பா நடந்து போய் வேம்பின் கீழ் இருந்தார். மற்றவர்கள் அவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். அக்கா தேத்தண்ணி போட உள்ளே ஓடினார். மகளுக்குப் பசித்துவிட்டது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனேன்.